விருது மேடையில் மெகாவாட், மின்கம்பியில் யூனிட்: பசுமை எரிசக்திச் சாதனையை எதைக் கொண்டு அளப்பது?

புதுதில்லி: புதுப்பிக்கத்தக்க எரிசக்தித் துறையில் சாதனை புரிந்த நிறுவனங்களுக்கும் மாநிலங்களுக்கும் விருது வழங்கும் நிகழ்ச்சிகள் தலைநகரில் ஆண்டு முழுவதும் நடைபெற்று வருகின்றன. மத்திய அமைச்சகங்கள், தொழில் வர்த்தக சபைகள், கண்காட்சி நிறுவனங்கள், ஊடகக் குழுமங்கள் எனப் பல தரப்பினரும் இத்தகைய விருதுகளை வழங்குகின்றனர். நாட்டின் மின் உற்பத்தித் திறனில் பாதி இப்போது புதைபடிவ எரிபொருள் சாராத ஆதாரங்களிலிருந்து கிடைப்பதால், பாராட்டுவதற்குக் காரணங்கள் உண்டு. ஆனால், இந்த விருதுகள் எதை அளக்கின்றன, எதை அளக்காமல் விடுகின்றன என்ற கேள்வி முன்னெப்போதையும் விட இப்போது முக்கியத்துவம் பெற்றுள்ளது.

இக்கேள்வி தமிழ்நாட்டுக்கும் நெருக்கமானது. ஜூன் 15ஆம் தேதி கடைப்பிடிக்கப்படும் உலக காற்று தினத்தையொட்டி, மத்திய புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் காற்றாலைத் துறையில் முன்னிலை வகிக்கும் மாநிலங்களைக் கௌரவித்து வருகிறது. 2024ஆம் ஆண்டு தில்லியில் நடைபெற்ற நிகழ்ச்சியில், முந்தைய நிதியாண்டில் அதிக அளவில் புதிய காற்றாலைத் திறனைச் சேர்த்ததற்காக குஜராத், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாநிலங்கள் கௌரவிக்கப்பட்டன. 2025ஆம் ஆண்டு இந்நிகழ்ச்சி பெங்களூருவில் நடைபெற்றது. அதில் 1,331.48 மெகாவாட் சேர்த்த கர்நாடகம் முதலிடத்தையும், 1,136.37 மெகாவாட் சேர்த்த தமிழ்நாடு இரண்டாமிடத்தையும், 954.76 மெகாவாட் சேர்த்த குஜராத் மூன்றாமிடத்தையும் பெற்றன.

முந்தைய நிதியாண்டில் 586 மெகாவாட் மட்டுமே சேர்த்த தமிழ்நாடு, ஓராண்டில் அதை ஏறத்தாழ இரு மடங்காக்கியது குறிப்பிடத்தக்க முன்னேற்றமாகும். எனினும், இந்தத் தரவரிசை நிறுவப்பட்ட திறனை மட்டுமே கணக்கில் கொள்கிறது. அந்தக் காற்றாலைகளிலிருந்து எத்தனை யூனிட் மின்சாரம் மின் தொகுப்பைச் சென்றடைந்தது, எவ்வளவு உற்பத்தி நிறுத்திவைக்கப்பட்டது, உற்பத்தியாளருக்குப் பணம் எப்போது கிடைத்தது என்பன போன்ற விவரங்கள் அதில் இடம்பெறுவதில்லை.

விருதுகளின் மூன்று வகைகள்

இத்துறையில் வழங்கப்படும் விருதுகளை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, அரசு வழங்குபவை. இவற்றுள் நீண்ட வரலாறு கொண்டவை தேசிய எரிசக்தி சேமிப்பு விருதுகள். 1991ஆம் ஆண்டு முதல் தேசிய எரிசக்தி சேமிப்பு தினமான டிசம்பர் 14ஆம் தேதி இவை வழங்கப்பட்டு வருகின்றன. மத்திய மின்சார அமைச்சகத்தின் கீழ் இயங்கும் எரிசக்தித் திறன் பணியகம் இதற்கான பணிகளை மேற்கொள்கிறது. 2022ஆம் ஆண்டு தில்லி விஞ்ஞான் பவனில் நடைபெற்ற விழாவில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு இவ்விருதுகளை வழங்கினார். ஆலைகள், கட்டடங்கள், போக்குவரத்து அமைப்புகள் போன்றவை தங்கள் எரிசக்திப் பயன்பாட்டை எந்த அளவு குறைத்தன என்பதே இங்கு அடிப்படை. அதாவது, மின் கட்டணப் பட்டியலிலும் எரிபொருள் கணக்கிலும் சரிபார்க்கக்கூடிய ஓர் அளவுகோல் இவ்விருதுக்கு உண்டு.

இரண்டாவது, தொழில் அமைப்புகளும் தனியார் நிறுவனங்களும் வழங்குபவை. சிறந்த சூரிய மின் உற்பத்தியாளர், சிறந்த நிதி நிறுவனம், சிறந்த கட்டுமான ஒப்பந்த நிறுவனம், ஆண்டின் சிறந்த தலைமைச் செயல் அதிகாரி எனப் பல பிரிவுகளில் இவை அறிவிக்கப்படுகின்றன. இவற்றில் சில, வல்லுநர் குழுவின் ஆய்வுக்குப் பிறகே முடிவு செய்யப்படுகின்றன. வேறு சிலவற்றில் பங்கேற்கவே கட்டணம் செலுத்த வேண்டியுள்ளது. விழாவுக்கு நிதியுதவி அளிக்கும் நிறுவனங்களும் விருதுக்குப் போட்டியிடும் நிறுவனங்களும் ஒரே துறையைச் சேர்ந்தவையாக இருப்பதும் உண்டு.

மூன்றாவது, பன்னாட்டு விருதுகள். லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட ஆஷ்டென் விருது, அபுதாபியின் சயீத் நீடித்த நிலைத்தன்மைப் பரிசு, ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் ‘புவியின் சாம்பியன்கள்’ விருது, பிரிட்டன் இளவரசர் வில்லியம் தொடங்கிய எர்த்ஷாட் பரிசு ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. 2021ஆம் ஆண்டு எர்த்ஷாட் பரிசின் தூய காற்றுப் பிரிவில், தில்லியைச் சேர்ந்த வித்யுத் மோகனின் ‘டகாச்சார்’ நிறுவனம் 10 லட்சம் பவுண்டு பரிசை வென்றது. வயல்களில் எரிக்கப்படும் பயிர்க் கழிவுகளை எரிபொருளாகவும் உரமாகவும் மாற்றும் சிறிய இயந்திரத்துக்காக அப்பரிசு கிடைத்தது. அதே ஆண்டு திருவண்ணாமலையைச் சேர்ந்த பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர், சூரிய சக்தியில் இயங்கும் இஸ்திரி வண்டிக்காக இறுதிச் சுற்றுக்குத் தேர்வானார்.

பாதி திறன், கால் பங்கு மின்சாரம்

நிறுவுதிறனுக்கும் உற்பத்திக்கும் உள்ள இடைவெளியைப் புரிந்துகொள்ள நாட்டின் மொத்தக் கணக்கே போதுமானது. 2025 ஜூன் இறுதியில் நாட்டின் மொத்த மின் உற்பத்தித் திறன் ஏறத்தாழ 485 ஜிகாவாட்டாக இருந்தது. அதில் சுமார் 243 ஜிகாவாட் சூரியன், காற்று, நீர், உயிரி எரிசக்தி, அணுசக்தி ஆகியவற்றைச் சார்ந்தது. பாரிஸ் ஒப்பந்தத்தின் கீழ் 2030ஆம் ஆண்டுக்குள் எட்டுவதாக இந்தியா உறுதியளித்திருந்த 50 சதவிகித இலக்கு, ஐந்து ஆண்டுகள் முன்னதாகவே எட்டப்பட்டுள்ளதாக மத்திய அரசு அறிவித்தது.

ஆனால், நாட்டில் உற்பத்தியாகும் மொத்த மின்சாரத்தில் இந்த ஆதாரங்களின் பங்கு ஏறத்தாழ நான்கில் ஒன்றாகவே உள்ளது. எஞ்சியதில் பெரும்பகுதியை நிலக்கரி அனல்மின் நிலையங்களே தருகின்றன. இதில் மர்மம் ஏதுமில்லை. ஒரு மெகாவாட் திறன் கொண்ட மின் நிலையம் ஆண்டு முழுவதும் இடைவிடாமல் முழுத் திறனில் இயங்கினால் 87.6 லட்சம் யூனிட் மின்சாரம் கிடைக்கும். சூரியன் பகலில் மட்டுமே ஒளிர்வதால், ஒரு மெகாவாட் சூரிய மின் நிலையத்திலிருந்து கிடைப்பது அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 17 லட்சம் யூனிட் அளவிலானது. நல்ல காற்றுள்ள இடத்தில் அமைந்த காற்றாலையில் இது 22 முதல் 26 லட்சம் யூனிட் வரை இருக்கலாம். அனல்மின் நிலையமோ 60 லட்சம் யூனிட்டுக்கு மேல் தரக்கூடியது.

எனவே, ஒரு மெகாவாட் என்பது எல்லா இடத்திலும் ஒரே அளவு மின்சாரத்தைக் குறிப்பதில்லை. இடத்தேர்வு, இயந்திரத்தின் தரம், பராமரிப்பு, மின்பாதை வசதி ஆகிய அனைத்தும் யூனிட் கணக்கில்தான் வெளிப்படும். மெகாவாட் கணக்கில் அவை மறைந்துவிடும்.

காற்றாலைத் துறை கற்ற பாடம்

இந்த வேறுபாட்டைக் கொள்கை வகுப்பாளர்கள் முன்பே உணர்ந்திருந்தனர் என்பதற்குக் காற்றாலைத் துறையின் வரலாறே சான்று. 1990களில் காற்றாலை அமைத்தவர்களுக்கு, முதலீட்டுத் தொகை முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கணக்குக் காட்டி வருமான வரிச் சலுகை பெறும் வாய்ப்பு இருந்தது. பின்னர் அது 80 சதவிகிதமாகவும், 2017 ஏப்ரல் முதல் 40 சதவிகிதமாகவும் குறைக்கப்பட்டது. கன்னியாகுமரி மாவட்டம் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பகுதிகளிலும், பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய கோவை, திருப்பூர் மாவட்டப் பகுதிகளிலும் ஆயிரக்கணக்கான காற்றாலைகள் உயர்ந்து நிற்க இச்சலுகை பெரிதும் காரணமானது. நூற்பாலைகள் தங்கள் சொந்தத் தேவைக்கான மின்சாரத்தைத் தாங்களே உற்பத்தி செய்துகொள்ளும் நிலையும் இதனால் உருவானது.

ஆனால், அச்சலுகை காற்றாலையை நிறுவியதற்குக் கிடைத்ததே தவிர, அது தந்த மின்சாரத்துக்குக் கிடைக்கவில்லை. ஆகவே, 2009 டிசம்பரில் உற்பத்தி அடிப்படையிலான ஊக்கத்தொகைத் திட்டத்தை மத்திய அரசு அறிமுகப்படுத்தியது. மின் தொகுப்புக்கு வழங்கப்படும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 பைசா என்பது அத்திட்டத்தின் அடிப்படை. சலுகையின் மையம் மெகாவாட்டிலிருந்து யூனிட்டுக்கு நகர்ந்த முக்கியத் தருணம் அது.

தில்லி அரசும் அதே வழியைப் பின்பற்றியுள்ளது. 2024 மார்ச் மாதம் அறிவிக்கை செய்யப்பட்ட தில்லி சூரிய சக்திக் கொள்கையின்படி, வீட்டு மேற்கூரையில் 3 கிலோவாட் வரை சூரியத் தகடு அமைப்போருக்கு யூனிட்டுக்கு 3 ரூபாயும், 3 முதல் 10 கிலோவாட் வரை அமைப்போருக்கு யூனிட்டுக்கு 2 ரூபாயும் ஐந்து ஆண்டுகளுக்கு ஊக்கத்தொகையாக வழங்கப்படும். மத்திய அரசின் ‘பிரதமரின் சூரிய வீடு’ திட்டம் தகடு அமைக்கும்போது அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம் அளிக்கிறது. முதலாவது, தகட்டைத் துடைத்துப் பராமரித்து மின்சாரம் எடுப்பவருக்குப் பலன் தருகிறது. இரண்டாவது, முதலீட்டுச் சுமையைக் குறைக்கிறது. இரண்டும் தேவையானவையே. ஆனால், கூரையில் ஏறிய தகடு ஐந்து ஆண்டுகள் கழித்தும் வேலை செய்கிறதா என்பதற்கு முதல் திட்டத்தில் மட்டுமே கணக்கு இருக்கும்.

முதலிடத்தை இழந்த தமிழ்நாடு

காற்றாலை மின்சாரத்தில் பல ஆண்டுகள் நாட்டின் முதல் மாநிலமாக விளங்கிய தமிழ்நாடு, 2023-24ஆம் நிதியாண்டில் அந்த இடத்தை குஜராத்திடம் இழந்தது. 2025 மார்ச் இறுதியில் குஜராத்தின் காற்றாலைத் திறன் 12,600 மெகாவாட்டையும், தமிழ்நாட்டின் திறன் 11,700 மெகாவாட்டையும் கடந்திருந்தன. முதலிடம் கைமாறியதற்குக் காற்றின் பற்றாக்குறை காரணமன்று. நல்ல காற்று வீசும் இடங்களில் ஏற்கெனவே நிற்கும் பழைய, சிறிய காற்றாலைகளே முக்கியக் காரணம்.

1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் அமைக்கப்பட்ட காற்றாலைகளில் பல, அரை மெகாவாட்டுக்கும் குறைந்த திறன் கொண்டவை. கோபுர உயரமும் குறைவு. இன்று நிறுவப்படும் ஒரே காற்றாலை 3 மெகாவாட்டுக்கு மேல் திறன் கொண்டதாகவும், 140 மீட்டர் உயரத்தில் வீசும் காற்றைப் பிடிப்பதாகவும் உள்ளது. சென்னையில் இயங்கும் தேசிய காற்று எரிசக்தி நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2 மெகாவாட்டுக்கும் குறைந்த பழைய காற்றாலைகளை அகற்றிப் புதியவற்றை அமைப்பதற்கான வாய்ப்பு நாடு முழுவதும் 25 ஜிகாவாட்டுக்கும் மேல் உள்ளது. அதில் தமிழ்நாட்டின் பங்கு மட்டும் 7 ஜிகாவாட்டுக்கும் அதிகம்.

2023ஆம் ஆண்டு உலக காற்று தின நிகழ்ச்சியில் தமிழ்நாடு கௌரவிக்கப்பட்டது, பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கும் பணியைத் தொடங்கியதற்காகத்தான். ஓராண்டு கழித்து, 2024 ஆகஸ்டில் இதற்கெனத் தனிக் கொள்கையையும் மாநில அரசு வெளியிட்டது. ஆயினும், ஆயுள் நீட்டிப்புக்கான வளர்ச்சிக் கட்டணம் குறித்தும், உபரி மின்சாரத்தை மின்வாரியக் கணக்கில் சேமித்துவைத்துப் பின்னர் எடுத்துக்கொள்ளும் வசதி குறித்தும் காற்றாலை உரிமையாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. தொடங்கியதற்குக் கிடைத்த பாராட்டு எளிதாக அமைந்தது. முடிப்பதற்கான பாதை நீண்டதாக உள்ளது.

இதில் நிலச் சிக்கலும் உண்டு. பழைய காற்றாலைகள் சிறு சிறு துண்டு நிலங்களில், வெவ்வேறு உரிமையாளர்களின் பெயரில் உள்ளன. பெரிய காற்றாலைக்கு அதிக இடைவெளி தேவை என்பதால், பக்கத்து உரிமையாளர்கள் பலர் உடன்பட்டால்தான் ஒரு காற்றாலையையேனும் மாற்ற முடியும். மேலும், பழைய துணை மின் நிலையங்களும் மின்பாதைகளும் கூடுதல் மின்சாரத்தைத் தாங்கும் வகையில் மேம்படுத்தப்பட வேண்டும்.

உற்பத்தியாகியும் ஓடாத மின்சாரம்

விருதுப் பட்டியல்களில் இடம்பெறாத மற்றொரு கணக்கு, தடுத்து நிறுத்தப்பட்ட மின்சாரத்தின் கணக்கு. காற்றும் வெயிலும் மிகுதியாக உள்ள நேரத்தில், மின் தேவை குறைவாக இருந்தாலோ மின்பாதையில் இடமில்லாமல் போனாலோ, உற்பத்தியைக் குறைக்குமாறு மின் சுமை கட்டுப்பாட்டு மையங்கள் உத்தரவிடுகின்றன. சூரிய, காற்றாலை மின்சாரத்தைக் கட்டாயம் ஏற்க வேண்டும் என்ற விதி இருந்தபோதிலும் இது நிகழ்கிறது. தமிழ்நாட்டில் சூரிய மின் உற்பத்தியைக் குறைக்கச் சொன்னது தொடர்பான வழக்கில், மின் தொகுப்பின் பாதுகாப்பு தவிர்த்த பிற காரணங்களுக்காக உற்பத்தியை நிறுத்தினால் இழப்பீடு வழங்க வேண்டும் என்று மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு அக்டோபரில் மத்திய மின்சார அமைச்சகம் வெளியிட்ட விதிகளும் இழப்பீட்டை உறுதி செய்தன.

இப்பிரச்சினை தற்போது ராஜஸ்தானுக்கும் பரவியுள்ளது. சூரிய மின் நிலையங்கள் எழுந்த வேகத்துக்கு மின்பாதைகள் எழவில்லை. அதனால், 2025ஆம் ஆண்டில் பகல் நேர உச்ச உற்பத்தியின்போது அங்குள்ள நிலையங்கள் உற்பத்தியைக் குறைக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. சூரியப் பூங்காவை ஒன்றரை அல்லது இரண்டு ஆண்டுகளில் அமைத்துவிடலாம். உயர் அழுத்த மின்பாதைக்கு நில அனுமதி, வழித்தட உரிமை, கட்டுமானம் என அதைவிட நீண்ட காலம் தேவை. மாநிலங்களுக்கு இடையிலான மின்பாதைக் கட்டணத்துக்கான முழு விலக்கு 2025 ஜூன் 30ஆம் தேதியுடன் முடிவடைந்ததும், அதற்குள் நிலையங்களை இயக்கிவிட வேண்டும் என்ற அவசரத்தை அதிகரித்தது.

மின்சாரத்தை வாங்குவோரின் நிலையும் கவனிக்கத்தக்கது. ஏலத்தில் ஒதுக்கப்பட்டும் மின் கொள்முதல் ஒப்பந்தம் கையெழுத்தாகாத திட்டங்களின் அளவு 2025ஆம் ஆண்டில் 40 ஜிகாவாட்டைத் தாண்டியது. மாலை நேரத் தேவைக்கு உதவாத பகல் நேர மின்சாரத்தை வாங்க மாநில மின் விநியோக நிறுவனங்கள் தயங்குவதே இதற்கு முக்கியக் காரணம். மின்கல சேமிப்பு வசதியுடன் கூடிய திட்டங்களுக்கு அவை முன்னுரிமை அளிக்கத் தொடங்கியுள்ளன. நிலுவைத் தொகையைப் பொறுத்தவரை நிலைமை மேம்பட்டுள்ளது. 2022 ஜூன் மாதம் ஏறத்தாழ 1.4 லட்சம் கோடி ரூபாயாக இருந்த உற்பத்தியாளர்களுக்கான நிலுவை, தாமதக் கட்டண விதிகள் நடைமுறைக்கு வந்த பின் தவணை முறையில் வெகுவாகக் குறைக்கப்பட்டது.

தில்லி மெட்ரோவுக்கு மின்சாரம் தந்த விருது

விருது பெற்ற திட்டங்கள் அனைத்தும் வெறும் எண்ணிக்கைச் சாதனைகள் என்று கூறிவிட முடியாது. மத்தியப் பிரதேச மாநிலம் ரீவாவில் அமைந்துள்ள 750 மெகாவாட் சூரிய மின் பூங்கா இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. புதுமைக்கும் சிறப்புக்குமான உலக வங்கிக் குழுமத் தலைவர் விருதைப் பெற்ற இத்திட்டத்தின் மின்சாரத்தில் 24 சதவிகிதம், தில்லி மெட்ரோ ரயிலுக்கு 2019ஆம் ஆண்டு முதல் வழங்கப்பட்டு வருகிறது.

2016 ஜனவரியில் ராஜஸ்தானில் நடந்த ஏலத்தில் யூனிட்டுக்கு 4.34 ரூபாய் என்ற கட்டணமே மிகக் குறைவானதாகக் கருதப்பட்டது. 2017 பிப்ரவரியில் நடந்த ரீவா ஏலத்தில் முதலாண்டுக் கட்டணம் 2.97 ரூபாயாகக் குறைந்தது. சூரியத் தகடுகளின் விலைச் சரிவு இதற்கு ஒரு காரணம். ஒப்பந்தம் எழுதப்பட்ட விதம் மற்றொரு காரணம். வாங்குபவர் பணம் செலுத்தத் தவறினால் பல அடுக்குப் பாதுகாப்பு, மாநில அரசின் உத்தரவாதம், மின்பாதை இல்லாமல் உற்பத்தி நின்றாலும் இழப்பீடு ஆகிய அம்சங்கள் முதலீட்டாளர்களின் அச்சத்தைக் குறைத்தன. அச்சம் குறைந்ததால் கடன் வட்டி குறைந்தது. வட்டி குறைந்ததால் கட்டணமும் குறைந்தது. இப்பலன் மெட்ரோ நிறுவனத்தின் மின் செலவு வரை வந்து சேர்ந்தது. ஒரு விருது எதைக் கொண்டாட வேண்டும் என்பதற்கு இது தெளிவான விடை.

கொச்சி விமான நிலையம் மற்றோர் எடுத்துக்காட்டு. 2015 ஆகஸ்டில் முழுவதும் சூரிய சக்தியில் இயங்கும் விமான நிலையமாக மாறிய அது, 2018ஆம் ஆண்டு ‘புவியின் சாம்பியன்கள்’ விருதைப் பெற்றது. பகலில் உபரி மின்சாரத்தைக் கேரள மின் வாரியத்துக்கு வழங்கி, இரவில் அதைத் திரும்பப் பெறும் ஏற்பாடே அதன் அடித்தளம். மூன்று ஆண்டு செயல்பாட்டைப் பார்த்த பிறகே அந்த விருது கிடைத்தது என்பது கவனிக்கத்தக்கது.

சிறிய அளவிலும் இத்தகைய சாதனைகள் உள்ளன. கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி, 2006ஆம் ஆண்டு ஏறத்தாழ 1.55 கோடி ரூபாய் செலவில் 350 கிலோவாட் காற்றாலையை வாங்கியது. ஊராட்சியின் தெருவிளக்குக்கும் குடிநீர் விநியோகத்துக்கும் ஆகும் மின் செலவை ஈடுகட்டியதோடு, உபரி மின்சாரத்தை விற்று வங்கிக் கடனையும் அடைத்தது. பெங்களூருவில் 1995ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட செல்கோ நிறுவனம், ஏழைக் குடும்பங்களுக்கும் சிறு வணிகர்களுக்கும் தவணை முறையில் சூரிய விளக்குகளை வழங்கி, 2005, 2007 ஆகிய ஆண்டுகளில் ஆஷ்டென் விருதுகளைப் பெற்றது. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஹரிஷ் ஹந்தேவுக்கு 2011ஆம் ஆண்டு மகசேசே விருது கிடைத்தது. மெகாவாட் தரவரிசையில் இவற்றுக்கு இடமே இருக்காது.

பாராட்டும் தணிக்கையும்

விருது என்பது ஒரு குறிப்பிட்ட காலத்தின் மதிப்பீடு. அது எதிர்காலத்துக்கான உத்தரவாதம் ஆகாது. சுஸ்லான் நிறுவனத்தின் நிறுவனர் துளசி தந்திக்கு 2009ஆம் ஆண்டு ‘புவியின் சாம்பியன்கள்’ விருது வழங்கப்பட்டது. மூன்று ஆண்டுகளில், 2012 அக்டோபரில், அந்நிறுவனம் 20 கோடி டாலருக்கும் அதிகமான வெளிநாட்டு மாற்றத்தக்க கடன் பத்திரங்களைத் திருப்பிச் செலுத்த இயலாமல் தவித்தது. காற்றாலைத் துறைக்கு அந்நிறுவனம் ஆற்றிய பங்கு உண்மையானது. கடன் வாங்கி விரைந்து விரிவடைந்ததன் விளைவும் உண்மையானது. பல ஆண்டுக் கடன் சீரமைப்புக்குப் பின்னரே அது மீண்டது.

அண்மைய எச்சரிக்கை ஜென்சால் இன்ஜினியரிங் விவகாரம். சூரிய மின் நிலையக் கட்டுமானத்தில் ஈடுபட்டிருந்த இந்நிறுவனம், பொதுத்துறை நிதி நிறுவனங்களான இந்தியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி மேம்பாட்டு முகமை, பவர் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன் ஆகியவற்றிடம் 977 கோடி ரூபாய்க்கும் அதிகமாகக் கடன் பெற்றது. 6,400 மின்சாரக் கார்கள் வாங்க வேண்டிய இடத்தில் 4,704 கார்களே வாங்கப்பட்டதாகவும், 262 கோடி ரூபாய்க்குக் கணக்கு இல்லை என்றும் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி, 2025 ஏப்ரல் 15ஆம் தேதி பிறப்பித்த இடைக்கால உத்தரவில் குறிப்பிட்டது. அக்கார்களைக் கொண்டு தில்லியில் இயங்கிவந்த புளூஸ்மார்ட் வாடகைக் கார் சேவை அடுத்த சில நாட்களிலேயே நின்றது. பசுமைத் தொழில் என்ற நற்பெயர் தணிக்கைக்கு மாற்றாக முடியாது என்பதை இச்சம்பவம் உணர்த்தியது.

இதில் பொதுமக்களின் பணமும் அடங்கியுள்ளது. பொதுத்துறை நிதி நிறுவனங்களின் கடனும், 2023 நவம்பரில் பங்குச் சந்தைக்கு வந்த எரிசக்தி மேம்பாட்டு முகமையின் பங்குகளை வாங்கிய சிறு முதலீட்டாளர்களின் சேமிப்பும் இத்துறையின் நம்பகத்தன்மையைச் சார்ந்தே உள்ளன. நிறுவனங்கள் தங்கள் பங்கு விற்பனை ஆவணங்களிலும் விளம்பரங்களிலும் விருதுகளைப் பட்டியலிடுவது வழக்கம் என்பதால், விருதின் தரம் முதலீட்டாளரின் முடிவையும் பாதிக்கிறது.

ஒழுங்குமுறை அமைப்புகள் இத்திசையில் சில நடவடிக்கைகளை எடுத்துள்ளன. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு குறித்த விரிவான அறிக்கையை வெளியிடுவதை 2022-23ஆம் நிதியாண்டு முதல் செபி கட்டாயமாக்கியது. ஆதாரமற்ற பசுமை விளம்பரங்களைத் தடுப்பதற்கான வழிகாட்டுதல்களை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்டது.

எதை அளக்கலாம்?

மாற்று அளவுகோலுக்கான முன்மாதிரியை அரசின் திட்டம் ஒன்றிலேயே காணலாம். ‘பிரதமரின் சூரிய வீடு’ திட்டத்தின் ஓர் அங்கமான மாதிரி சூரிய கிராமப் போட்டிக்கு 800 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டுள்ளது. பொதுவாக 5,000 பேருக்கு மேல் மக்கள்தொகை கொண்ட வருவாய்க் கிராமங்கள் இதில் பங்கேற்கலாம். போட்டிக்குத் தேர்வான ஆறு மாதங்களுக்குப் பின் எந்தக் கிராமத்தில் பரவலாக்கப்பட்ட புதுப்பிக்கத்தக்க எரிசக்தித் திறன் அதிகமாக உள்ளதோ, அக்கிராமத்துக்கு மாவட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கில் 1 கோடி ரூபாய் வழங்கப்படும். போட்டியின் விதி முன்கூட்டியே தெரியும். பரிசுப் பணம் மீண்டும் கிராமத்துக்கே செல்லும். ஆனால், இங்கும் அளவுகோல் நிறுவுதிறனே. மதிப்பீட்டுக் காலத்தை ஓராண்டாக நீட்டித்து, உற்பத்தியான யூனிட்டையும் சேர்த்துக்கொண்டால் இது மேலும் வலுப்பெறும்.

மாநிலங்களுக்கான தரவரிசையிலும் இதைச் செய்ய இயலும். நிறுவுதிறனோடு, ஒரு மெகாவாட்டுக்குக் கிடைத்த யூனிட், நிறுத்திவைக்கப்பட்ட உற்பத்தியின் சதவிகிதம், உற்பத்தியாளருக்குப் பணம் செலுத்த எடுத்துக்கொண்ட நாட்கள், புதுப்பிக்கப்பட்ட பழைய காற்றாலைகளின் எண்ணிக்கை ஆகியவற்றையும் சேர்த்தால் முழுமையான சித்திரம் கிடைக்கும். இவற்றுக்கான தரவுகளில் பெரும்பாலானவை மின் சுமை கட்டுப்பாட்டு மையங்களிடமும் மின்சார அமைச்சகத்திடமும் ஏற்கெனவே பதிவாகி வருபவையே.

நிலம் கொடுத்தவர்களின் நிலையும் ஓர் அளவுகோலாக வேண்டும். கர்நாடக மாநிலம் பாவகடாவில் 2,050 மெகாவாட் சூரியப் பூங்காவுக்காக ஏறத்தாழ 13,000 ஏக்கர் நிலம் விவசாயிகளிடமிருந்து விலைக்கு வாங்கப்படவில்லை, குத்தகைக்குப் பெறப்பட்டது. ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை 5 சதவிகித உயர்வு என்பது ஏற்பாடு. நிலவுடைமையாளர்களுக்கு நிலையான வருவாய் கிடைத்தது. அதே நேரத்தில், நிலமற்ற விவசாயத் தொழிலாளர்களின் வேலைவாய்ப்பு என்னவாயிற்று என்ற கேள்வியும் அங்கு எழுந்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும் விருதே அத்திட்டத்தை நேர்மையாக மதிப்பிட முடியும்.

2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில் அறிவிக்கப்பட்டபடி, 2030ஆம் ஆண்டுக்குள் புதைபடிவ எரிபொருள் சாராத 500 ஜிகாவாட் திறனை எட்டுவது இந்தியாவின் இலக்கு. 2024-25ஆம் நிதியாண்டில் மட்டும் 29 ஜிகாவாட்டுக்கும் அதிகமான புதுப்பிக்கத்தக்க எரிசக்தித் திறன் சேர்க்கப்பட்டது. வேகம் குறையாமல் இருக்கப் பாராட்டும் போட்டியும் தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால், அடுத்த கட்டத்தில் நாட்டுக்குத் தேவைப்படுவது மின்பாதை, மின்கல சேமிப்பு, உரிய நேரத்தில் பணம், பழைய காற்றாலைகளின் புதுப்பிப்பு ஆகியவை. இவற்றைச் செய்து முடிப்பவர்களுக்கு இன்றைய விருதுகளில் தனிப் பிரிவு அரிதாகவே உள்ளது.

அடுத்த உலக காற்று தினத்தன்று எந்த மாநிலம் முதலிடம் பெறும் என்பது தமிழ்நாட்டிலும் ஆர்வத்துடன் கவனிக்கப்படும். அந்த மேடையில் அறிவிக்கப்படும் மெகாவாட்டுடன், மே முதல் செப்டம்பர் வரையிலான காற்றுப் பருவத்தில் ஆரல்வாய்மொழியிலிருந்தும் உடுமலையிலிருந்தும் எத்தனை யூனிட் மின்சாரம் தடையின்றி மின் தொகுப்பைச் சென்றடைந்தது என்பதும் அறிவிக்கப்படுமானால், நுகர்வோருக்கும் நூற்பாலைகளுக்கும் மாநிலத்தின் உண்மை நிலை ஒரே பார்வையில் புலப்படும்.